மலாக்கா ஊசியில் சுற்றிய நூல்

2023 ஜூலையில் ஒரு விடிகாலை, சிங்கப்பூரில் எங்கள் பொங்கோல் பக்கம் சைக்கிள் ஓட்டப் போனவர்கள் கண்ணில் ஒரு தாப்பிர் பட்டது. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்திய மாதிரி உடம்பு. மூக்கைப் பார்த்தால், தும்பிக்கையாக நீளலாமா வேண்டாமா என்று யோசித்துப் பாதியில் நின்றுவிட்டது போல இருக்கும். மலேசியப் பக்கத்து ஜோகூரிலிருந்து நீந்தி வந்திருக்கும் என்றார்கள். வீடியோ வாட்ஸ்அப் குழு குழுவாகச் சுற்றி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

"இதை முதல்ல யாருப்பா கண்டுபிடிச்சது?" என்று மகள் கேட்டாள்.

"கண்டுபிடிக்க என்னம்மா இருக்கு? மலாய்க்காரங்க எப்பவோ தெனுக்னு பேரே வச்சிட்டாங்க."

"அது தெரியும்பா. எழுதி வெளியூருக்கு அனுப்பினது யாரு?"

அந்தக் கேள்விக்குத் தேடப் போய்த்தான் வில்லியம் ஃபார்குவார் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அதுவரை எனக்கு அவர், சிங்கப்பூரை நிறுவியவர் என்று பாடப்புத்தகத்தில் வரும் ராஃபிள்ஸால் வேலையை விட்டு நீக்கப்பட்ட ஆள், அவ்வளவுதான். மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படை அதிகாரி, மலாக்காவை ஆண்டவர், சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் (ஊரை நிர்வகித்த பிரிட்டிஷ் அதிகாரி), 477 இயற்கை ஓவியங்களை வரையவைத்தவர் என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தவை. பெயரில் எழுத்து நிறைய இருந்தாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை 'ஃபார்க்கர்' என்று சுருக்கமாக முடித்துவிடுவார்களாம். இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரியே நானும் எழுதுகிறேன்.

சரி, டிசம்பர் பள்ளி விடுமுறையில் இவர் போன இடங்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்துவிடலாம் என்று அப்பாவும் மகளுமாகத் திட்டம் போட்டோம். ஒரு மாத வேலை என்று நினைத்தது அடுத்த தீபாவளி வரை இழுத்தது.

நான் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பிளானிங் பிரிவில் இருக்கிறேன். எந்தக் கப்பல் எந்த நாள் டாக்கில் ஏறுகிறது, எந்த நாள் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் இதற்கும் வேலை அட்டை போட்டோம். ஒரு செய்திக்கு ஓர் அட்டை. மேலே தேதி, கீழே இடம், அதற்கும் கீழே 'யார் சொன்னது, எப்போது எழுதினது' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் பின்னால் மானத்தைக் காப்பாற்றியது.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கான்கிரீட் சுவரில் குண்டூசி இறங்காது என்பதால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அகலத்தில் கார்க் பலகை வாங்கினோம். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வரைபடத்தை அச்சடித்தோம். இடது ஓரம் மெட்ராஸ், வலது ஓரம் மொலுக்காஸ் தீவுகளில் உள்ள அம்பொய்னா. தேக்காவில் சிவப்பு நூல் மூன்று உருண்டை. ராணுவ அதிகாரி, இயற்கை ஆராய்ச்சிக்காரர், 33 வருஷம் கிழக்கில் இருந்தவர். எத்தனை தீவு சுற்றியிருப்பாரோ, ஒரு உருண்டை போதாது என்று நானே கணக்குப் போட்டேன்.

முதலில் எலும்புக்கூடு வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் வேலை செய்த ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்த அதிகாரிகளின் பெயரை அகரவரிசைப்படி போட்டு, எந்த வருஷம் சேர்ந்தார், எப்போது என்ன பதவி, எப்போது செத்தார் என்று பட்டியல் போட்ட புத்தகமே 1838ல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. மாகாணவாரியாக இருக்கும். மெட்ராஸ் பகுதிக்குப் போய், எஞ்சினியர்ஸைப் பார்த்தால் ஆள் ஒரே வரியில் கிடைப்பார். அதோடு மற்ற வாழ்க்கைக் குறிப்புகளையும் வைத்து ஒத்துப் பார்த்தபோது வந்த கணக்கு இது: 1774 பிப்ரவரி 26ல் அபர்தீன் பக்கம் நியூஹாலில் பிறப்பு. 1791 ஜூனில் 17 வயதில் மெட்ராஸில் இறங்குகிறார், உடனே எஞ்சினியர்ஸில் என்சைன், அதாவது கீழ்நிலை அதிகாரி. 1793ல் லெப்டினன்ட், 1803ல் கேப்டன், 1811ல் மேஜர், 1821ல் லெப்டினன்ட் கர்னல், 1829ல் கர்னல், 1837ல் மேஜர் ஜெனரல். 1839 மே 11ல் மரணம்.

இத்தனை அட்டையும் ஒரே ராத்திரியில் தேறிவிட்டது. மகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊசி எடுத்துக்கொண்டு, "1829 கர்னல் எங்கப்பா குத்தணும்?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. பதவி உயர்வு ஒரு இடமே இல்லை. கம்பெனி ராணுவத்தில் உயர்வு பெரும்பாலும் மூப்பு வரிசைப்படி வரும். மேலே இருப்பவர் ஓய்வு பெறவோ சாகவோ வேண்டும், அப்போது வரிசை நகரும். எஞ்சினியர்ஸ் சின்னப் படை, வரிசையும் மெதுவாகத்தான் நகரும். கர்னல், மேஜர் ஜெனரல் இரண்டும் அவர் ஆசியாவை விட்டுப் போய், ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்து வீட்டில் இருந்தபோது வந்தவை. நான் பாட்டுக்குப் பட்டத்தைப் பார்த்ததும் எங்கேயோ பெரிய சண்டை நடந்திருக்கிறது என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். பதவி அட்டைகளை எல்லாம் பலகையின் கீழ் ஓரத்தில் தனி வரிசையாக மாற்றினோம். ஊசி இடத்துக்கு மட்டும்.

மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் என்றதும் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் படையின் இன்றைய மையம் அவன் காலை நடை போகிற வழியில்தான் இருக்கிறது.

"நம்ம தம்பி படைங்க அத்தான்," என்றான்.

அந்தப் படை வீரர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'தான். இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் மெட்ராஸ் சாப்பர் (பாலம், பள்ளம் வேலை பார்க்கும் படைவீரர்) என்றால் தம்பி. ஆனால் ஃபார்குவார் காலத்தில் இரண்டும் ஒரே படை இல்லை. எஞ்சினியர்ஸ் என்பது அதிகாரிகள் மட்டும் இருந்த அமைப்பு. கடப்பாரை பிடித்து, பள்ளம் தோண்டி, பாலம் கட்டியவர்கள் 1780ல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர்ஸ். அவர்கள்தான் 1831ல் சாப்பர்ஸ் அன்ட் மைனர்ஸ் ஆனார்கள். அதனால்தான் 1838 பட்டியலில் ஃபார்குவாருக்கு நாள் தேதியோடு ஒரு வரி இருக்கிறது, தம்பிகளுக்கு ஒன்றும் இல்லை. அது அதிகாரிகள் பட்டியல். நான் அதில் தமிழ்ப் பெயர் தேடியது என் தப்பு.

அடுத்து நடந்த கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். பழைய குறிப்புகளில் 'மிஸ்டர் ஃபார்குவார்' என்று வந்த இடத்தையெல்லாம் ஆசை ஆசையாக அட்டையில் எழுதினேன். அம்பொய்னாவில் ரெசிடென்ட், ஊசி. 1804ல் பினாங்கில் லெப்டினன்ட் கவர்னர், ஊசி. 1810ல் மொரிஷியஸில் கவர்னர். மொரிஷியஸ் வரைபடத்திலேயே இல்லை, அதனால் இடது ஓரத்தில் ஓர் அம்புக்குறி. நூல் அப்படியே தேர் வடம் மாதிரி நீண்டது. பினாங்குக்கு விடுமுறை போனபோது லெபோ ஃபார்குவார் தெருப்பலகைக்குக் கீழே நான் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ ஒன்று இருந்தது. அதையும் அச்சடித்துப் பலகையில் ஒட்டினேன்.

கப்பல் அட்டவணை போடுகிறவனுக்கு ஒரு கப்பல் ஒரே வாரத்தில் இரண்டு டாக்கில் இருந்தால் தூக்கம் வராது. 1811ல் அப்படித்தான் ஆனது. ஆகஸ்டில் ஜாவா படையெடுப்பில் ஃபார்குவார் இருக்கிறார். அதே நேரம் மொரிஷியஸில் கவர்னராக ஆட்சியும் செய்கிறார். அட்டைகளின் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். மொரிஷியஸ்காரரின் முழுப் பெயர் ராபர்ட் டவுன்சென்ட் ஃபார்குவார். பதவியும் சிவில் பதவி, ராணுவம் இல்லை. அம்பொய்னாவும் அவருடையது, பினாங்கும் அவருடையது, நான் கீழே நின்று சிரித்த தெருவும் அவருடையது.

போட்டோவைக் கழற்றினேன். மகள் அதை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டி, கீழே 'தப்பான ஃபார்குவார்' என்று எழுதிவைத்தாள். இன்னும் இருக்கிறது. பழைய காகிதத்தில் ஒரு குடும்பப் பெயரை மட்டும் பார்த்து ஊசி குத்துகிறவர்கள், பெயருக்கு முன்னால் மேஜரா மிஸ்டரா என்றாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

மொலுக்காஸ் போனது, மொரிஷியஸ் போனது. நூல் பாதியாகிவிட்டது. சரி, கடிதங்களுக்குப் போவோம் என்று சனிக்கிழமைகளில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் தளத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று கம்பெனிக் காலத்து அலுவலகக் கடிதங்கள் மைக்ரோஃபிலிம் சுருளில் இருக்கின்றன. சுருளை மாட்டி, கண்ணாடித் தகட்டுக்கு அடியில் ஃபிலிமை நுழைத்து, குமிழைத் திருப்ப வேண்டும். முதல் நாள் நான் திருப்பிய வேகத்தில் இரண்டு வருஷம் ஒரே மூச்சில் பறந்துவிட்டது. பக்கத்து இயந்திரத்தில் குடும்ப மரம் தேடிக்கொண்டிருந்த சீன அங்கிள் எட்டிப் பார்த்து, "ஸ்லோ, ஸ்லோ லா" என்றார். அப்புறம் அவர்தான் எழுத்தைப் பெரிதாக்கவும், ஓரத்தில் மங்கிய வரிகளுக்கு வெளிச்சம் கூட்டவும் சொல்லிக்கொடுத்தார்.

திரையில் முதல் கடிதம் வந்து நின்றபோது ஃபார்குவாரின் கையெழுத்தையே பார்க்கிறேன் என்று புல்லரித்தது. பத்து நிமிஷத்தில் அது அடங்கிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது கடிதப் புத்தகம். போன கடிதத்தையும் வந்த கடிதத்தையும் அலுவலகக் குமாஸ்தா நகல் எழுதிவைப்பது. ராஃபிள்ஸ் கடிதமும் ஃபார்குவார் கடிதமும் ஒரே கையில் இருந்ததற்கு அதுதான் காரணம். அந்தக் குமாஸ்தாவின் கையோடுதான் நான் பழக வேண்டியிருந்தது. இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை எஃப் மாதிரி நீட்டி இழுப்பார். ஊர்ப் பெயர்களுக்குத் தனியாக ஒரு தாள் வைத்துக்கொண்டேன்: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலன்ட் என்றால் பினாங்கு, ஃபோர்ட் மார்ல்பரோ என்றால் பென்கூலன், ரீயோ என்றால் ரியாவ், கரிமன்ஸ் என்றால் கரிமுன் தீவுகள்.

ஊர்ப் பெயரைவிட ஆளைக் கவிழ்ப்பது இரண்டு குட்டிச் சொல். தேதிக்குப் பின்னால் 'இன்ஸ்டன்ட்' என்று இருந்தால் இந்த மாதம். 'அல்டிமோ' என்று இருந்தால் போன மாதம். குமாஸ்தா இதை இன்ஸ்ட், அல்ட் என்று மூன்று நான்கு எழுத்தில் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார். இது தெரியாமல் எல்லாத் தேதியையும் கடிதம் எழுதிய மாதத்திலேயே போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அட்டைகளை வரிசைப்படுத்தியபோது, கேள்வி புறப்படும் முன்பே பதில் வந்து சேர்ந்திருந்தது. பெயின்ட் அடித்து முடித்த பிறகு கப்பல் டாக்கில் ஏறுகிற கதை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை, பழைய அட்டைகளைத் திருத்துவதிலேயே போய்விட்டது.

பழைய செய்தித்தாள் கைகொடுக்கும் என்று நினைத்தேன். சிங்கப்பூரின் முதல் பத்திரிகையான சிங்கப்பூர் குரோனிக்கிள் வெளிவந்த நாள் 1824 ஜனவரி 1. ஃபார்குவார் கப்பலேறியது 1823 டிசம்பர் கடைசியில். ஒரு சில நாளில் தவறவிட்டுவிட்டார். பத்திரிகையைத் தொடங்கிய ஃபிரான்சிஸ் பெர்னார்டு வேறு யாருமில்லை, அவருடைய மருமகன்தான். மாமனார் கப்பல் கண்ணில் மறைகிறவரை காத்திருந்த மாதிரி இருக்கிறது என்றாள் என் மனைவி.

ஆனால் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆவணக் காப்பகத்தில் இல்லை. மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நம் நாகூருக்கு வந்து அங்கே கல்யாணம் செய்துகொண்டவர். அப்துல்லா மலாக்காவில் தமிழ் படித்தார், கோட்டைச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தார், 'முன்ஷி' (ஆசிரியர்) என்ற பட்டமே சிப்பாய்கள் வைத்ததுதான். அவர் எழுதிய தன்வரலாறான ஹிகாயத் அப்துல்லாவில் ஃபார்குவார் மேஜர் ஜெனரலும் இல்லை, இயற்கை ஆராய்ச்சிக்காரரும் இல்லை. ஊர்க்காரர்கள் நெருங்கிப் பேசக்கூடிய துரை. ஊரில் அவரை 'ராஜா மலாக்கா' என்றே சொன்னார்களாம்.

1807ல் மலாக்காக் கோட்டையை இடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அந்த ஊரைத் திரும்ப டச்சுக்காரர்களிடம் கொடுக்க வேண்டி வந்தாலும் அரண் அவர்களுக்கு உதவக்கூடாது என்ற கணக்கு. எஞ்சினியர் என்பதால் வேலை ஃபார்குவார் தலையில். முதலில் ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். சுவர் அசையவில்லை, கோட்டையில் பேய் பிசாசு குடியிருக்கிறது என்று கூலியாட்களுக்குப் பயம் வேறு. கடைசியில் அடியில் குழி வெட்டி வெடிமருந்து நிரப்பி, ஃபார்குவாரே திரியைப் பற்றவைத்திருக்கிறார். சிதறிய துண்டுகளில் சில யானை அளவு, சில வீட்டின் அளவு என்கிறார் அப்துல்லா. அப்போது அவருக்கு பத்து பதினோரு வயதுதான் இருக்கும். அதனால் யானையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டத் தெரிந்தவரை வைத்தே இடிக்கச் சொல்கிற வழக்கம் புதிதில்லை என்பது எனக்கு அந்தப் பக்கத்தில் புரிந்தது. எங்கள் பட்டறையிலும் வெல்டரைத்தான் கப்பலை வெட்டக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு மலாக்கா போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிற போர்த்தா டி சன்டியாகோ வாசல்தான் அந்தக் கோட்டையில் மிஞ்சியது.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நூலை முழுக்க அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். மகள் தேதி படிக்க, நான் சுற்றினேன். மெட்ராஸில் தொடக்கம். 1795 ஆகஸ்டில் மலாக்கா. ஹாலந்தை பிரான்ஸ் பிடித்துக்கொள்ள, லண்டனுக்கு ஓடிவந்த டச்சு ஆட்சியாளர் தம் குடியேற்றங்களை பிரிட்டிஷார் வசம் ஒப்படைக்கச் சொல்லி க்யூவிலிருந்து கடிதம் எழுதினார். அதை வைத்து மலாக்காவை எடுக்கப் போன படையில் இவர் தலைமை எஞ்சினியர். அடுத்த அட்டை, மலாக்கா. 1803ல் கோட்டைத் தளபதி, மலாக்கா. 1807, மலாக்கா. 1811ல் மட்டும் நூல் கீழே ஜாவாவுக்கு ஓடியது. அந்தப் படையே மலாக்காவில்தான் கூடியது, சுமார் 100 கப்பல், 12,000 ஆள். ஆகஸ்ட் 4ல் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) அருகே இறங்கினார்கள், 26ஆம் தேதி மீஸ்டர் கொர்னேலிஸ் அரண் விழுந்தது. மெட்ராஸ் தம்பிகளுக்கு 'ஜாவா' என்று ஒரு போர்க் கௌரவம் இன்றும் உண்டு, அது இந்தச் சண்டைக்காக. முடிந்ததும் நூல் திரும்ப மலாக்கா. அப்புறம் 1818 வரை மலாக்கா, மலாக்கா, மலாக்கா.

ஊசியே தெரியவில்லை. சிவப்பு நூல் அதன்மேல் ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டிருந்தது.

"இவர் எங்கேயுமே போகலைப்பா," என்றாள் மகள், ஏமாந்த குரலில்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. காட்டுக்குள் கூடாரம் அடித்து, வலையோடு அலைகிற ஆளை நினைத்துத்தான் மூன்று உருண்டை வாங்கியிருந்தேன். ஆனால் 477 ஓவியம் எப்படிக் கிடைத்தது என்பதற்குப் பதில் அந்த நெல்லிக்காயில்தான் இருக்கிறது. 23 வருஷம் ஒரே துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தவர். அங்கே ஒரு மலாய்க் குடும்ப வழி வந்த அந்துவானெத் கிளெமென்ட்டோடு வாழ்ந்து ஆறு பிள்ளைகள். மலாய் பேசுவார். அதிகாரி வீட்டில் விசித்திரமான பிராணிக்கு விலை உண்டு என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்துவிட்டால், காட்டிலிருந்தும் கடலிலிருந்தும் சரக்கு தானாக வாசலுக்கு வரும். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள், ஒருவர் பெயரும் பதிவாகவில்லை. பறவை, மீன், பழம் எல்லாம் ஐரோப்பிய இயற்கைப் பட முறையில் இருக்கும். ஆனால் சிலவற்றில் பின்னணிப் பாறையும் செடியும் அப்படியே சீன ஓவியத்தில் வருவது. படத்தில் மலாய்ப் பெயர் ஜாவி எழுத்திலும் (மலாய்க்கான அரபு எழுத்து) ரோமன் எழுத்திலும் இருக்கிறது. பெயர் சொன்னது யார், பிடித்துவந்தது யார் என்பதற்கு அட்டை போட வழியில்லை. அந்த அட்டைகளை எழுதாமல் வெறுமையாகவே மலாக்காவுக்குக் கீழே குத்தியிருக்கிறோம்.

தாப்பிர் விஷயத்துக்கு வருகிறேன், மகள் கேட்ட கேள்வி அதுதானே. ஃபார்குவார் மலாக்காவில் ஒரு தாப்பிர்க் குட்டியை வீட்டிலேயே வளர்த்தார். நாய் மாதிரிப் பழகிவிட்டதாம். சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து நின்று ரொட்டிக்கும் கேக்குக்கும் காத்திருக்குமாம். 1816ல் அதைப் பற்றிய குறிப்பைக் கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டிக்கு அனுப்பினார். அதுவரை தாப்பிர் என்றால் தென்னமெரிக்கப் பிராணி என்றுதான் ஐரோப்பாவில் நினைத்திருந்தார்கள். குறிப்பு அச்சானது 1820ல். இடையில் பிரெஞ்சு ஆய்வாளர் தியார், கல்கத்தா அருகே பாரக்பூர் விலங்குக் கூடத்தில் இருந்த ஒரு தாப்பிரைப் பார்த்து, பாரீஸில் விலங்கியலாளர் கூவியேவுக்குத் தகவல் அனுப்பிவிட்டார். 1819ல் இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளர் தெமாரே அதற்கு தாப்பிரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்து அச்சிட்டார். விலங்கியலில் பெயர் வைத்து யார் முதலில் அச்சில் போடுகிறாரோ அவர் பெயர்தான் கூட நிற்கும். மேசைக்கடியில் ரொட்டி போட்டவர் பெயர் நிற்காது.

மரத்தில் வாழும் புனுகுப்பூனை இனமான பிந்துரோங்கும் கிட்டத்தட்ட இதே கதை. மலாக்காவிலிருந்து ஃபார்குவார் அனுப்பினார், ராஃபிள்ஸ் வர்ணித்துப் பெயர் வைத்தார். ஆனால் கண்டெடுத்தவர் ஃபார்குவார் என்று ராஃபிள்ஸ் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

உண்மையான அலைச்சல் வந்தது கடைசியில்தான். மலாக்காவை டச்சுக்காரர்களிடம் திரும்பக் கொடுக்கும் நாள் நெருங்க, 1818ல் 44 வயதில் ஓடுகிறார். போர்னியோவில் பொந்தியானாக் போனால் டச்சுக்காரர்கள் ஏற்கெனவே முந்திக்கொண்டார்கள். ஆகஸ்ட் 19ல் ரியாவில் ஒப்பந்தம், 31ல் சியாக்கில் இன்னொன்று. செப்டம்பரில் மலாக்கா கைமாறுகிறது. ஊருக்கு விடுப்பில் போகவேண்டியவரை ராஃபிள்ஸ் கூட்டிக்கொள்கிறார். புதிய துறைமுகத்துக்கு ஃபார்குவார் மனதில் இருந்தது கரிமுன். அதை அளந்து பார்த்துவிட்டு, 1819 ஜனவரி கடைசியில் சிங்கப்பூர். முதல் உடன்பாடு ஜனவரி 30. உடனே இவர் ரியாவுக்கு ஒரு நடை போய் வருகிறார். பிப்ரவரி 6ல் ஒப்பந்தம், அடுத்த நாள் ராஃபிள்ஸ் கிளம்பிவிடுகிறார், ஊரைப் பார்த்துக்கொள்ள ஃபார்குவார். பலகையில் ஓர் உள்ளங்கை இடத்துக்குள் ஆறு ஏழு நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, மகள் அங்கே மட்டும் மஞ்சள் நூல் வேண்டும் என்று அடம்பிடித்தாள். மஞ்சள் மாற்றினோம்.

சிங்கப்பூர் நாட்களைப் பற்றிப் பள்ளியிலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள், அதனால் நான் நிறையக் கிண்டவில்லை. அப்துல்லா சொல்லும் எலிக் கதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. பூனையையே எதிர்க்கிற எலிகள் பெருகிவிட, ஒரு எலிக்கு ஒரு வாங் காசு என்று ஃபார்குவார் பரிசு அறிவித்தார். குவியல் குவியலாகக் கொண்டுவந்தார்கள். எலி தீர்ந்ததும் பூரானுக்கும் அதே ஏற்பாடு. காசு கொடுத்தால் பிராணி வாசலுக்கு வரும் என்பது மலாக்காவில் கற்ற பாடம்தானே என்று எனக்குத் தோன்றியது. நிர்வாகத்துக்குப் பணமில்லாமல் 1820ல் அபின், சாராயம், சூதாட்ட உரிமைகளை ஏலம் விட்டார். ராஃபிள்ஸுக்கு அது ஆகவில்லை, மற்றதும் சேர்ந்துகொண்டது. 1823 மார்ச்சில் கத்திக்குத்துப் பட்டுப் பிழைத்த ஃபார்குவார், அதே வருஷம் மே மாதம் வேலையை இழந்தார்.

அட்டைகள் முடிகிற கட்டத்தில் ஓவியங்களைப் பார்க்க தேசிய அரும்பொருளகத்துக்குப் போனோம். ஃபார்குவார் இவற்றை 1827ல் லண்டன் ராயல் ஆசியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1993ல் ஏலத்துக்கு வந்தபோது கோ கியோக் கிம் 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கொடுத்து வாங்கி, பிறகு அரும்பொருளகத்துக்கே அன்பளிப்பாகத் தந்தார். அவருடைய தந்தை கோ செங் சூ பெயரில்தான் அந்தக் கூடம். வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும் என்பதால் மங்கல் விளக்கில், ஒரு சிலவற்றை மட்டும் மாற்றி மாற்றி வைப்பார்கள். நாங்கள் போன நாளில் தாப்பிர் சுற்றில் இல்லை. மகள் முகம் தொங்கிவிட்டது. ஃபோர்ட் கேனிங்கில் ஃபார்குவார் தோட்டம் இருக்கிறது, ஓவியங்களில் உள்ள செடிகளை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி மேலே கூட்டிப்போனேன். செடியைப் பார்த்து அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. இறங்கி வந்து ஐஸ் கச்சாங் வாங்கித்தந்தபின்தான் பேசினாள்.

கடைசி ஊசி பெர்த். என் வரைபடம் மெட்ராஸோடு முடிகிறது. ஸ்காட்லாந்து இருக்க வேண்டிய திசையில் கணக்குப் பார்த்தால் மின்விசிறி சுவிட்சுக்கு மேலே வருகிறது. அங்கே ஊசி இறங்காது, எனவே ஒட்டுக் களிமண்ணில் ஓர் அட்டை. அவர் கல்லறைக் கல்லில், 33 வருஷத்துக்கு மேல் கிழக்கில் சேவை செய்ததும், சிங்கப்பூரை நிறுவியதே அவர்தான் என்பதும் வெட்டியிருக்கிறது. மகள் அதை அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "எங்க புக்குல ராஃபிள்ஸ்னு இருக்கே. எதை நம்புறது?"

"கீழ் வரியை எழுதும்மா. யார் சொன்னது, எப்போ எழுதினது."

'அவர் குடும்பம், கல்லறையில்' என்று எழுதினாள். பிறகு இன்னொரு அட்டை எடுத்து, 'ராஃபிள்ஸ் ஆட்கள், புத்தகத்தில்' என்று எழுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். சுவிட்சைப் போட இப்போது விரலை இடுக்கி நுழைக்க வேண்டியிருக்கிறது.

மூன்று உருண்டையில் ஒன்றுகூட முழுசாகத் தீரவில்லை. மீதி நூலை எடுத்து, நடைவழியில் சாய்ந்து கிடந்த கறிவேப்பிலைச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள் மனைவி.